இடது பக்கம் இல்லாதவர்

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பலருக்குப் பேச்சு வராது, வந்தாலும் குழறும். இவருடைய குரலோ கணீரென்று கதவுக்கு வெளியே கேட்டது.

"என்ன சிஸ்டர் இது, ஒரே ஒரு இட்லியா? பேஷண்டுன்னா வயிறு கிடையாதுன்னு நெனச்சிட்டீங்களா?"

தட்டில் இன்னொரு இட்லி இருந்தது. தட்டின் இடப்பக்கத்தில், சட்னிக்குப் பக்கத்தில், தொடாமல் அப்படியே இருந்தது. நான் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டாத்தான் கொண்டு வருவீங்க போல," என்று சொல்லி அதையும் சாப்பிட்டார்.

ஜன்னலோரம் நின்றிருந்த அவருடைய மனைவி சிரித்தார். கணவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "சார், உங்க இடது கையைத் தூக்குங்க," என்றேன்.

"தூக்கிட்டேனே."

கை படுக்கையின் மேல் அசையாமல் கிடந்தது. நான் அதை மெல்ல எடுத்து அவருடைய வலது கைக்குள் வைத்தேன். அவர் தடவிப் பார்த்தார். பிறகு சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி சட்டென்று விட்டுவிட்டார்.

"இது யாரோட கை?"

"நீங்களே சொல்லுங்க சார்."

"பக்கத்து பெட்காரரோடதா இருக்கும். தூங்கறப்போ இந்தப் பக்கம் விழுந்திருக்கு. எடுத்து அவர் மேலயே வைங்க, பாவம்."

அந்த மணிக்கட்டில் பல வருஷம் வாட்ச் கட்டியதால் தோல் வெளுத்த தடம் இருந்தது. அவர் மனைவி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

மூளையின் வலப்பக்கம் அடைப்பு வந்தால் உடம்பின் இடப்பக்கம் செயலிழக்கும். இதை எல்லோரும் எளிதில் புரிந்துகொள்வார்கள். சிலருக்கு அதோடு இன்னொன்றும் போய்விடும் என்பதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். கண் நன்றாகவே இருக்கும். ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மூளைக்குத் தெரியாது. அந்தப் பக்கம் இருட்டாகத் தெரிந்தாலாவது ஏதோ குறைகிறது என்று உணர்வார்கள். இருட்டாகவும் தெரியாது. நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்குத் தெரிவதில்லை, தெரியவில்லையே என்று நாம் கவலைப்படுவதும் இல்லை. அவருக்கு இடது கையும் இடது காலும், இடது பக்கத்தில் நிற்கும் மனிதர்களும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள்.

மாநில அரசின் சாலைத் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே அரசாங்க வேலைக்காக வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேச்சு. மலைச்சாலைகளின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம் என்பார். படுத்தபடியே அவற்றைச் சொல்லவும் செய்வார், ஒரு வளைவுகூடத் தப்பாது. அறிவு கெடவில்லை, நினைவு கெடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நடக்க முடியாது என்று தெரிந்தவர் படுக்கையில் இருப்பார். இவர் தனக்கு ஒன்றுமே இல்லை என்று நம்பினார்.

ஒருநாள் நான் அடுத்த கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். "பாத்ரூம் போயிட்டு வரேன்," என்ற குரல் சாதாரணமாகக் கேட்டது. திரும்பினால், வலது காலைத் தரையில் ஊன்றி எழுந்துவிட்டிருந்தார். இடது கால் துணியைப் போல மடங்கியது. நான் ஓடி என் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவருடைய பாரம் முழுக்க என் மேல். வார்டு உதவியாளர் வந்து சேரும்வரை அப்படியே தாங்கி நின்றேன். அப்போதும் அவர் என் காதருகே, வழக்கம்போலக் கன்னடம் கலந்து சொன்னார்:

"சும்னே பயப்படறீங்க சிஸ்டர். தரை வழுக்குது, அவ்ளோதான்."

அன்றே அவர் கட்டிலை நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு எதிரே மாற்றினோம்.

அவருக்குச் செய்ய வேண்டியவை பல. நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிகாலிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். செயலற்ற கைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். இதையெல்லாம் அவர் மனைவி ஒரு தடவை பார்த்ததுமே கற்றுக்கொண்டார். நான் சொன்ன ஒன்றே ஒன்றுக்குத்தான் அவரால் மனம் ஒப்பவில்லை.

அவர் எப்போதும் கணவரின் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்வார். அங்கேயிருந்து பேசினால்தான் பதில் வரும். நான் நாற்காலியை எடுத்து இடப்பக்கம் போட்டேன்.

"இனிமே இங்கதான் உக்காரணும் அம்மா. இந்தக் கையைத் தொட்டுக்கிட்டே கூப்பிடுங்க. அவர் திரும்பினா மட்டும் பேசுங்க. இந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னு அவருக்கு மறுபடியும் பழகணும்."

அவர் உட்கார்ந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க," என்றார்.

கணவர் உடனே வலப்பக்கம் திரும்பினார். "எங்க போயிட்டே? குரல் மட்டும் வருது?"

"இங்கதான் இருக்கேன். உங்க பக்கத்துல."

"வெளிய நின்னு பேசாதே. உள்ள வா." காலியாகக் கிடந்த வலப்பக்கத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்த அம்மாவின் கண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. வெளியே வந்து என்னிடம், "நான் செத்துப்போனப்புறம் என்னைத் தேடற மாதிரி இருக்கு சிஸ்டர்," என்றார். நாற்காலியைப் பழையபடி வலப்பக்கமே போட்டுவிடலாமா என்று எனக்கே தோன்றியது. போடவில்லை. மறுநாளும் அந்த அம்மா இடப்பக்கம்தான் உட்கார்ந்தார். ஒரு வாரம் போனபின், எப்போதும் வலப்பக்கமே திரும்பியிருந்த கணவரின் முகம் மெல்ல நடுவுக்கு வந்தது. பிறகு நடுவைத் தாண்டிக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. காலிலும் பலம் வர ஆரம்பித்தது.

பார்க்க வருகிறவர்களுக்கு இதொன்றும் தெரியாது. அவருடைய தம்பி தினமும் வருவார். அண்ணன் மேல் உயிராக இருப்பவர். வலப்பக்கம் நின்று அரசியல் பேசுவார், அண்ணனும் சூடாகப் பதில் சொல்வார். போகும்போது தம்பி எங்களிடம், "அண்ணன் பக்காவா இருக்காரு. எதுக்கு இன்னும் இங்க வெச்சிருக்கீங்க?" என்பார். அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகிற யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: தனியாக வெளியே போகக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, நாங்கள் சொல்லும்வரை வண்டி ஓட்டவே கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "சரி டாக்டர், உங்க திருப்திக்கு," என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் உண்டு. நான் அப்போதுதான் அந்தப் பிரிவுக்கு மாறியிருந்தேன். என் வீடு பக்கத்திலேயே, ஒக்கலிபுரத்தில். ஆகவே மல்லேஸ்வரம் என் பங்குக்கு வந்தது, அவரும் என் பங்குக்கே வந்தார். வாரத்தில் சில காலைகள் போவேன்.

அவர் மூன்று கால் உள்ள ஊன்றுகோலைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார். இடது தோளில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும், கதவு நிலையில் இடித்துக்கொண்டது. முகத்தில் வலது பாதி மட்டும் சவரம் ஆகியிருக்கும். சட்டையில் வலது கை மட்டும் நுழைந்திருக்க, மறுபாதி முதுகில் தொங்கும். நான் கதவுகளின் இடது ஓரங்களிலும் அவருடைய தட்டின் இடது விளிம்பிலும் சிவப்பு டேப் ஒட்டினேன். அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும் என்பது பாடம்.

ஒருநாள் நான் போனபோது, "இன்னிக்கு வந்தீங்க சரி, நாளைக்கு வராதீங்க. பஸ் ஸ்ட்ரைக்," என்றார். எனக்கு அப்படி ஒரு செய்தி தெரியாது. மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்துப் பார்த்தேன். குடிநீர் விநியோகம் நாளை நிறுத்தம் என்று தலைப்பு இருந்தது. அவர் கண்ணில் விழுந்தது 'நாளை நிறுத்தம்' என்ற வலது பாதி மட்டும். எது நிறுத்தம் என்பதை மனமே நிரப்பிக்கொண்டது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் துளியும் இல்லை அவருக்கு. நானும் அந்த அம்மாவும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்தார் அந்த அம்மா. எனக்கு மட்டும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாதித் தலைப்பு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதையெல்லாம் இவர் இப்படி நிரப்பிக்கொள்கிறாரோ?

பதில் சீக்கிரமே தெரிந்தது. வண்டிப் பேச்சு ஆரம்பித்தது.

வாசலில், கேட்டுக்கு உள்ளே, உறை போர்த்திய கார் நின்றது. கியர் மாற்ற வேண்டாத வண்டி. அதுதான் அவர் பிடித்துக்கொண்ட வாதம்.

"இடது காலுக்கு அதுல வேலையே இல்ல சிஸ்டர். இடது கைக்கும் வேலை இல்ல. வலது கால் இருக்கு, வலது கை இருக்கு. கண்ணு நல்லா இருக்கு. அப்புறம் என்ன?"

"இடது பக்கம் ஆள் வந்தா சார்?"

"வந்தா பாப்பேன்."

தெரியாததைப் பார்ப்பேன் என்கிறவரிடம் எதை வைத்து வாதாடுவது? அந்த அம்மாவைச் சமையலறைக்கு அழைத்துச் சாவியை ஒளித்து வைக்கச் சொன்னேன். ஏற்கனவே அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டதாகச் சொன்னார். "தினமும் கேக்கறாரு. நேத்து கோவத்துல டம்ளரை வீசிட்டாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்கிட்ட குரல் உசத்தினதே கிடையாது."

அதற்கடுத்த வாரம், ஒரு விடுமுறை நாள் காலையில், வழக்கம்போல அவர்கள் தெருவுக்குள் திரும்பினேன். தெருவில் வண்டி நடமாட்டம் இல்லை. தூரத்திலேயே கேட் விரியத் திறந்திருப்பது தெரிந்தது. இன்னும் சில அடி போனதும் காரின் மூக்கு வெளியே தெரிந்தது. என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர். யாரோ முழுக்கச் சவரம் செய்துவிட்ட முகமும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, அழகாக இருந்தார். தெருவில், காருக்கு வலப்பக்கம் வரும் கேட் தூணுக்குப் பக்கத்தில், தம்பி நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். "வாங்கண்ணா, வாங்க, ரோடு கிளியர்." டூப்ளிகேட் சாவி ஒன்று தம்பி வீட்டில் இருந்தது, கியரைப் போட்டுக் கொடுத்ததும் தம்பிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. முன்சீட்டில், அவருக்கு இடப்பக்கம், அந்த அம்மா. மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காருக்கு இடப்பக்கத் தூணை ஒட்டி, தெருப்பக்கச் சுவரில் சாய்ந்தபடி, பூக்காரம்மா காலை நீட்டி உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் அங்கேதான் உட்கார்வார். கார் தன்னை விட்டு விலகித்தான் போகும் என்று நம்பி, தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நான் ஓடினேன். அதற்குள் கார் நகர்ந்துவிட்டது. இடது கண்ணாடி தூணில் மோதி மடங்கிய சத்தம் கேட்டது. அந்த அம்மா, "ஐயோ, ஏங்க!" என்று அலறினார். கார் நிற்கவில்லை. இடது கதவு தூணில் உரசும் சத்தம் எழுந்தது. அவர் புருவத்தைச் சுருக்கி வலப்பக்கம் தம்பியைப் பார்த்து, "என்னடா சத்தம்? யாரோ கேட்டைத் தட்டறாங்க பாரு," என்றார். தம்பி நின்ற இடத்திலிருந்து இடப்பக்கம் தெரியாது. அவர் இன்னும் வாங்க வாங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூக்காரம்மா இப்போது நிமிர்ந்து பார்த்துவிட்டார். ஆனால் முழங்கால் வலிக்காரர், சட்டென்று எழ முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார். முன்சக்கரம் இடப்பக்கம் ஒடித்திருந்தது, அவர் இருந்த பக்கமாகவே வந்தது.

இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும். பூக்காரம்மாவை இழுக்கப் போனால் நான் காருக்கு இடப்பக்கம் போய்விடுவேன். அவருடைய உலகத்திலிருந்து நானும் காணாமல் போவேன், கார் எங்கள் இருவர் மேலும் ஏறும். "காலை மடக்குங்கம்மா!" என்று கத்திவிட்டு வலப்பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா சிஸ்டர், ஓட்டறேன்!"

"நிறுத்துங்க சார்! இடது பக்கம்!"

"இடது பக்கம் ஒண்ணும் இல்லியே," என்றார். கால் இன்னும் அழுந்தியது.

வார்டில் எத்தனை தடவை சொல்லியும் புரியாதது இந்த ஒரு நொடியில் புரியுமா? அவருக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்துக்கே போனேன்.

"சார், வலது பக்கம் லாரி! லாரி வருது!"

அவர் தலை சடாரென்று வலப்பக்கம் திரும்பியது. வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டிய கால் தன் வேலையைச் செய்தது. பிரேக். கார் குலுங்கி நின்றது. நான் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன்.

"எங்க லாரி?" என்று கேட்டார்.

நான் அவருக்கு அப்பால் பார்த்து, "அம்மா, ஹேண்ட்பிரேக்கை இழுங்க," என்றேன். அந்த அம்மா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

அவர் என் முகத்தைக் குழப்பத்தோடு பார்த்தார். "யார்கிட்ட பேசறீங்க சிஸ்டர்?"

பதில் சொல்ல நேரமில்லை. காருக்கு முன்னால் சுற்றிப் போய்ப் பார்த்தேன். பூக்கூடை முன்சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. பூக்காரம்மா காலை மார்போடு மடக்கிச் சுவரில் ஒண்டியிருந்தார். அவருக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகக்கூட இடமில்லை. அடி எதுவும் இல்லை. காலையும் கையையும் தடவி உறுதிசெய்துகொண்டேன். அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி வந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போய், "நான் பாத்தேனே, கிளியராத்தானே இருந்தது," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதற்குள் அவர் தானே வலது கதவைத் திறந்து, ஊன்றுகோலை ஊன்றி இறங்கியிருந்தார். "எதுக்கு இப்படி எல்லாரும் பதட்டப்படறீங்க? ஒண்ணும் ஆகலியே," என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. காரின் வலப்பக்கம் பளபளவென்று இருந்தது.

அவருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கோபத்தில் தோன்றியதா, அக்கறையில் தோன்றியதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவர் இடுப்பைப் பிடித்து மெதுவாக நடத்தி, காருக்கு முன்னால் தெருவில் கொண்டுவந்து, வீட்டைப் பார்த்து நிற்கவைத்தேன். இப்போது காரின் இடப்பக்கம் முழுவதும் அவருக்கு வலப்பக்கமாக வந்துவிட்டது.

முதலில் உடைந்து தொங்கும் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கதவில் நீளமாகக் கிழிந்திருந்த கோட்டை. சக்கரத்துக்கு அடியில் கூடையை. சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்த பூக்காரம்மாவை. ஒவ்வொன்றாகப் பார்வை போனது. கடைசியில் முன்கண்ணாடிக்குப் பின்னால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் மனைவியை.

ஊன்றுகோலை ஓரடி முன்னால் நகர்த்தி வைத்தார்.

"நீ வண்டிக்குள்ளயா இருந்தே?"

அந்த அம்மா கதவைத் தள்ளிப் பார்த்தார். அது தூணில் மாட்டிக்கொண்டிருந்ததால் இறங்க முடியவில்லை.

"நீ வாசல்ல நின்னு கூப்பிடறேன்னு நெனச்சேன்," என்றார். பிறகு ஊன்றுகோல் ஆட ஆரம்பித்தது. நானும் தம்பியும் அவரைப் பிடித்து உள்ளே கொண்டுபோனோம்.

பிறகு தனியாக இருக்கும்போது அந்த அம்மாவிடம் ஏன் ஏறினீர்கள் என்று கேட்டேன். "எவ்வளவு சொல்லியும் கேக்கல. கிளம்பறதுன்னு ஆயிடுச்சு. அவரைத் தனியா அனுப்பிட்டு வீட்ல உக்காந்து என்ன பண்ணுவேன் சிஸ்டர்? என்ன ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஆகட்டும்னு ஏறிட்டேன்," என்றார்.

தம்பி அன்றே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்முன் கேட்டருகில் என்னிடம் சொன்னார்: "செத்துப் பொழச்ச மனுஷன் சிஸ்டர். கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு. ஸ்வல்ப தூரம், தெருமுனை வரைக்கும் தானேன்னாரு. எப்படி முடியாதுன்னு சொல்றது?" பூக்காரம்மா மறுநாள் முதல் கேட்டின் வலப்பக்கம் மாறி உட்கார்ந்தார்.

ஆபத்து முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அதற்கப்புறம் வந்தது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். எழுந்து உட்காரச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். நடைப்பயிற்சி நின்றது. ஊட்டினால் இரண்டு வாய். கணீரென்ற அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் பழைய மலைச்சாலைகளைப் பற்றிக் கேட்பேன். "மறந்துபோச்சு," என்பார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் மட்டும், அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"தெரியலங்கறதே எனக்குத் தெரியலியே சிஸ்டர். இனிமே எதை நம்பறது? நீங்க இப்ப இங்க இருக்கீங்களா, அதையே எப்படி நம்பறது?"

தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் நம்பிய நாட்களில் அந்த நம்பிக்கையை உடைக்கத்தான் நாங்கள் எல்லோரும் பாடுபட்டோம். உடைந்த பிறகு அவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். பக்கவாதத்துக்குப் பிறகு மனம் இப்படி இருண்டுபோவது உண்டு என்று மருந்து எழுதினார். மருந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆகும் என்றார். அந்தச் சில வாரங்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். மாத்திரை டப்பாவை அவர் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அந்த அம்மா கேட்கவும் இல்லை, அன்றே பூட்டிவிட்டார். ஒவ்வொரு முறையும் அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது வாசலில் செருப்புகள் குவிந்திருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பேன்.

ஒரு காலை நான் அழைப்பு மணியை அடித்தும் யாரும் வரவில்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்துகொண்டு உள்ளே ஓடினேன்.

அறையில், கட்டிலுக்கு இடப்பக்கம், அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். கணவரைத் தனியாகத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே சரிந்து உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. வலியில் குரலும் எழவில்லை. கட்டிலின் ஓரத்தில் அவர், தாமாகவே புரண்டு எழுந்து, இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி மனைவியின் தலையில் வைத்திருந்தார். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. கண் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கூப்பிட்டேன், பதில் வரல," என்றார் என்னிடம், பார்வையை எடுக்காமலே. "ரூம் முழுக்கத் தேடினேன், காணோம். ரூம் முடிஞ்சுபோச்சுன்னு தோணிச்சு. முடிஞ்சிருக்காதுன்னு இன்னும் திருப்பினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். இருந்தா."

நான் முதலில் அந்த அம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்து ஒத்தடம் கொடுத்தேன். அவர் அதுவரை கழுத்தைத் திருப்பவே இல்லை. திருப்பினால் மனைவி மறுபடி காணாமல் போய்விடுவார் என்ற பயம்.

அதற்கப்புறம் அவரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். உலகம் எங்கே முடிகிறதாகத் தோன்றுகிறதோ அங்கே நிற்கக் கூடாது, தாடை இடது தோளைத் தொடும்வரை திருப்ப வேண்டும். சாலை போட்டவருக்கு அளவு ஒன்று வேண்டியிருந்தது போல. "எனக்கு இல்லாத மாதிரி இருந்தா, அங்கதான் ஏதோ இருக்கு," என்று சொல்லிக்கொள்வார். சலித்துக்கொள்வார், மறப்பார், திட்டுவார். மருந்தும் மெல்ல வேலை செய்தது. ஒருநாள் அவருடைய இடது கையை நான் துடைக்கும்போது, "மெதுவா, என் கை வலிக்குது," என்றார். என் கை என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நானும் சமையலறை வாசலில் நின்ற அந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் முழுக்கக் குணமாகவில்லை. அசதியாக இருக்கும் நாட்களில் இடப்பக்கம் மறுபடி நழுவிவிடும். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் அதன்பின் பேசவே இல்லை.

நான் அங்கே போன கடைசி நாளில் இருவரும் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்கள். பெரிய தெருவரை நானும் கூட நடந்தேன். அங்கே ரோட்டைக் கடக்க வேண்டும். அந்த அம்மா அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வலப்பக்கம் பார்த்தார். பிறகு ஊரே பார்க்கும்படி தலையை இடப்பக்கம் திருப்பி, தாடை தோளைத் தொடும்வரை கொண்டுபோனார். ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அவர் ஊன்றுகோலை முன்னால் வைத்தார், பின்னால் இழுத்தார், மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "போலாமா?" என்று அந்த அம்மா கேட்டார். "இரு," என்றார்.

பஸ் ஒன்று போனது. பின்னாலேயே இரண்டு ஆட்டோக்கள் போயின.

"இப்ப வா," என்றார்.

அவர்கள் எதிர்ப்பக்கம் ஏறும்வரை நின்றிருந்தேன். பிறகு காக்ஸ் டவுன் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கே எனக்காக இன்னொருவர் காத்திருந்தார், வலது பக்கமும் பேச்சும் போன ஒரு டீச்சர்.